காக்கை சுடுபவரும் பாகவதரும்

தமிழ் சினிமாவில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், வசனகர்த்தா என்று பதவிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் இன்னொரு பதவியும் இருந்தது. காக்கை சுடுபவர்.

1934-ல் அடையாறு மீனாட்சி சினிடோனில் 'பவளக்கொடி' எடுத்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் கே. சுப்பிரமணியம். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். ஸ்டுடியோ என்றதும் ஏ.சி. தளத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். விளக்கெல்லாம் மேலே சூரிய பகவான் பார்த்துக்கொள்வார். மேகம் வந்து மறைத்தால் துவாரகையே இருண்டுவிடும். அர்ஜுனனும் கிருஷ்ணனும் பீடி பிடிக்காத குறையாக ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மேகம் விலகினால் மதியச் சாப்பாடு வந்துவிடும். சாப்பாடு முடிந்தால் எச்சில் இலை. எச்சில் இலை விழுந்தால் காக்கை.

அந்த நாளில் பின்னணிப் பாட்டு என்ற வித்தை தமிழுக்கு வந்திருக்கவில்லை. நடிக்கும்போதே பாட வேண்டும், பாடும்போதே பதிவாகும். அர்ஜுனனாக வேஷம் கட்டிய எம்.கே. தியாகராஜ பாகவதர் காதல் மேலீட்டால் ராகத்தை இழுக்க வாயைத் திறப்பார். சரியாக அந்த இடத்தில் அடையாற்றுக் காக்கை ஒன்று தன் பங்குக்கு நிரவல் போடும். மைக்குக்குப் பாகவதர் குரல் வேறு, காக்கைக் குரல் வேறு என்ற பேதம் கிடையாது. அது பரம சமத்துவவாதி. வேறு வழியில்லாமல் ஓர் ஆங்கிலோ-இந்தியரைக் காற்றுத் துப்பாக்கியோடு சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவர் டப் டப்பென்று காக்கைகளை விரட்டி முடித்த பிறகுதான் கேமரா ஓடும். அந்த மனிதருக்கு டைட்டிலிலும் ஓர் இடம் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். கொடுத்திருந்தால் தப்பே இல்லை. அந்தப் படத்தில் ஒழுங்காக 'ஆக்‌ஷன்' செய்தவர் அவர் ஒருவர்தான்.

ஏனென்றால் கதாநாயகனால் நகர முடியாது. மைக் செடிக்குள்ளே ஒளிந்திருக்கும், இல்லையென்றால் தலைக்கு மேலே கேமராவில் படாத உயரத்தில் தொங்கும். ஆர்மோனியக்காரர் ஒரு புதர் மறைவில், மிருதங்கக்காரர் இன்னொரு புதர் மறைவில். நாயகன் காதலியை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தால் மைக்குக்குக் குரல் எட்டாது, பக்கவாத்தியமும் கூடவே நகர்ந்தாக வேண்டும். ஆகவே நடிப்பு என்பதற்கு அன்றைய இலக்கணம், மைக்கை விட்டு நகராமல் இருப்பது. இந்தக் கலையில் எம்.கே. தியாகராஜ பாகவதரை மிஞ்ச ஆளில்லை. முகத்தில் ஒரு மந்தகாசம், கண்ணில் ஒரு மயக்கம், கை லேசாக மார்பு வரை உயரும். அவ்வளவுதான். மற்றதையெல்லாம் தொண்டை பார்த்துக்கொண்டது.

'பவளக்கொடி'யில் பாட்டுகள் 50. ஒரு பாட்டுக்கு மூன்று நிமிஷம் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் இரண்டரை மணி நேரம் பாட்டிலேயே போய்விடும். கதை எங்கே என்று தேட வேண்டாம். இரண்டு பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடத்துக்குத்தான் கதை என்று பெயர்.

நியாயமாகப் பார்த்தால் இந்தத் தொண்டை நகைப்பட்டறையில் ஊதுகுழல் ஊதியிருக்க வேண்டியது. 1910 மார்ச் 1-ம் தேதி மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் பிழைப்புக்காகத் திருச்சிக்குப் பெயர்ந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, பாட்டுப் பிடித்தது. அப்பாவுக்கு நேர்மாறு. இப்படி ஒரு வீட்டில் அடுத்து என்ன நடக்குமோ அது நடந்தது: பையன் வீட்டை விட்டு ஓடிவிட்டான். சாதாரணமாக ஓடும் பையன்கள் பக்கத்து ஊர் அத்தை வீட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். இவன் கடப்பைக்குப் போய்விட்டான். அப்பா தேடிக் கண்டுபிடித்தபோது அங்கே ஒரு கூட்டம் வாயைப் பிளந்து நிற்க, நடுவில் தன் மகன் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாராம். கடப்பையில் தெலுங்குக்காரர்கள். வார்த்தை புரியாதவர்களே சொக்கி நிற்கிறார்கள் என்றால் சரக்கு இருக்கத்தான் வேண்டும் என்று அந்தத் தகப்பனுக்கு உறைத்திருக்க வேண்டும். தங்கத்தை உரசிப் பார்க்கத் தெரிந்த மனிதர் அல்லவா.

திருச்சியில் எஃப்.ஜி. நடேசய்யர் என்று ஒரு ரயில்வே அதிகாரி இருந்தார். பகலில் ரயில், ராத்திரியில் நாடகம். ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர் அவர்தான். பையன் பாடுவதைக் கேட்டு 'ஹரிச்சந்திரா'வில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். பாம்பு கடித்துச் சாகிற பாத்திரம். அது சாவதற்குள் பாடும் பாட்டில் சபையே அழுதது. மதுரை பொன்னு அய்யங்காரிடம் முறையாகச் சங்கீதம் கற்றுக்கொண்டதும் அரங்கேற்றம். அங்கே வாசிக்க வந்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, இனி இவர் பாகவதர் என்று சொல்லிவிட்டார். லயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பட்டத்திலும் யாரும் மறுக்கவில்லை. மீசை சரியாக அரும்பாத வயதில் பாகவதர் என்று பெயர் ஒட்டிக்கொண்டதால், நமக்கெல்லாம் அவர் பிறக்கும்போதே ஜிப்பாவும் கடுக்கனுமாகப் பிறந்தவர் போன்ற பிரமை.

1937 வந்தது. 'சிந்தாமணி' வந்தது. இயக்கம் ஒய்.வி. ராவ், சிந்தாமணியாக கே. அசுவத்தம்மா. பக்தனான பில்வமங்கள் ஒரு தாசியின் மீது பித்தாகி அலைந்து கடைசியில் கண்ணனைக் கண்டடைகிற கதை. இந்தச் சூத்திரத்தைச் சற்று நின்று ரசிக்க வேண்டும். முக்கால் படம் தாசி வீடு, கால் படம் கோயில். ஆண்கள் முன்பாதிக்கு வந்தார்கள், பெண்கள் பின்பாதிக்கு வந்தார்கள் என்று சொன்னால் அபவாதம். எல்லாருமே இரண்டுக்கும் வந்தார்கள். மோகத்தைப் பார்த்த பாவம் மோட்சத்தைப் பார்த்ததில் கழிந்துவிடும், வீட்டுக்குப் போகும்போது கணக்கு நேர். 'திருநீலகண்டர்' (1939), 'ஹரிதாஸ்' (1944) எல்லாவற்றிலும் இதே இரட்டைக் கணக்குப் பதிவேடுதான். 'சிந்தாமணி' ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. படத்தை எடுத்த மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள் அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு நடுவில் தாசியின் பெயரில் கட்டடம். ஒரு கோஷ்டியும் கொடி பிடிக்கவில்லை. அது வேறு காலம்.

அதே வருஷம் 'அம்பிகாபதி'. இயக்கியவர் அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கம்பன் மகனும் சோழன் மகளும் காதலிக்கும் கதையை அவரிடம் சொன்னபோது, இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று ரோமியோ ஜூலியட்டின் மாடத்தையும் நிலாவையும் உறையூருக்குக் கடத்திக்கொண்டு வந்துவிட்டார். கதை தெரியும் அல்லவா? காதல் வாடையே இல்லாமல் நூறு பாட்டுப் பாடினால் அமராவதி உனக்கு என்கிறான் அரசன். கடவுள் வாழ்த்தையும் கணக்கில் சேர்த்துத் தப்பாக எண்ணி, 99-லேயே நூறு முடிந்தது என்று அமராவதி எட்டிப்பார்க்க, அம்பிகாபதியின் தலை போகிறது. ஒரே படத்தில் 50 பாட்டு பாடி எல்லாரையும் அசத்திய மனிதரை, ஒரு பாட்டு குறைகிறது என்று கொலைக்களத்துக்கு அனுப்பிய கதையைத் தமிழ்நாடு கண்ணீர் மல்கப் பார்த்தது. எனக்கென்னவோ ரசிகர்கள் அழுதது காதலுக்காக இல்லை, அந்த நூறாவது பாட்டைக் கேட்க முடியாமல் போனதற்காக என்றுதான் படுகிறது.

ஆனால் 'அம்பிகாபதி'யில் இன்னொரு காரியம் நடந்தது. பாகவதருக்கு அது அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை. வசனம் எழுத இளங்கோவன் என்று 'மணிக்கொடி' பத்திரிகைப் பக்கத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். அதுவரை சினிமாவில் வசனம் என்றால் "பிராணநாதா", "கண்மணி", "அடடா" என்று பாட்டுக்குப் பாட்டு பாலம் போடும் சமாசாரம். இளங்கோவன் அதை நிறுத்தி நிதானமாகக் கேட்கும்படி, நல்ல தமிழில் எழுதிவிட்டார். தியேட்டரில் ஜனங்கள் பேச்சுக்கும் காதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாகவதர் தன் படத்துக்குள்ளேயே பாம்புக்குப் பால் வார்த்த இடம் இது. குட்டிப் பாம்பு, பார்க்க அழகாக இருந்தது, ஒருவரும் பயப்படவில்லை.

அந்த ஆண்டுகளின் பாகவதர் புராணத்தை முழுக்கச் சொன்னால் நாம் நம்ப மாட்டோம். தங்கத்தட்டில் சாப்பிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை வெள்ளித்தட்டில் சாப்பிட்டால்தான் செய்தி. பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், ஜவ்வாது வாசனை. அவர் போகும் ரயிலை வழிமறித்துப் பாடச் சொல்லிவிட்டுத்தான் விடுவார்கள் என்று திருச்சிக்காரர்கள் சொல்வார்கள். நடேசய்யர் மட்டும் இதைப் பார்த்து ரயில்வேக்காரராக வருந்தி, சபாக்காரராகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பிடரியில் புரளும் அந்தத் தலைமுடிக்குப் பாகவதர் கிராப் என்று பெயர். ஊரில் பாதி இளவட்டங்கள் அதை வளர்த்தார்கள். பாட்டு வராதவர்களுக்கு முடியாவது வந்தது.

எங்கள் தாத்தாவும் அந்த முடிக் கட்சிதான். கல்யாண போட்டோவில் ஆள் பாகவதர், முகம் மட்டும் வேறு யாரோ. பாட்டியிடம் கேட்டால் சொல்லுவாள்: "முடியப் பாத்துதான்டா எங்கப்பா பாடுவாருன்னு நெனைச்சுக் கட்டிக் குடுத்தாரு. மறுநாளே பாடச் சொன்னேன். அன்னிக்கே தெரிஞ்சு போச்சு."

யுத்தம் வந்தது. கச்சா பிலிமுக்குப் பஞ்சம். எந்தப் படமும் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் கத்திரியை எடுத்தது. தமிழ் சினிமாவில் பாட்டின் எண்ணிக்கையைக் குறைத்த ஒரே சீர்திருத்தவாதி ஹிட்லர்தான் என்று இதை வைத்துச் சொல்லலாம். அந்த அடிக்கணக்குக்குள் அடங்கி வந்ததுதான் 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு வெளியானது. அம்மா அப்பாவை வீட்டை விட்டுத் துரத்தி, ரம்பா என்கிற தாசியின் பின்னால் குதிரையில் திரிந்து, முனிவரைக் காலால் உதைக்கப் போய்க் காலையே இழந்து, திருந்துகிற உத்தமன். மன்மதனை வம்புக்கிழுக்கும் அந்தப் பாட்டின் நடுவே டி.ஆர். ராஜகுமாரி ஒரு பறக்கும் முத்தம் விடுவார் பாருங்கள், சென்னை பிராட்வே தியேட்டரில் அது 1944 தீபாவளிக்குப் புறப்பட்டு 1945 தீபாவளியைத் தாண்டி 1946 தீபாவளிக்கும் பறந்துகொண்டே இருந்தது.

அந்த மூன்று தீபாவளிகளில் இரண்டை பாகவதர் ஜெயிலில் கொண்டாடினார்.

இந்த இடத்தில் என் வாய்க்கொழுப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு ஆள் செத்துப்போன விஷயம். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறை வரை எட்டிப்பார்த்து எழுதுவார். எழுதாமல் இருப்பதற்கும் விலை உண்டு. பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும், 'சிவகவி'யை எடுத்த ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரிகையின் லைசென்ஸைப் பறிக்க வைத்தார்கள். அவர் 'இந்து நேசன்' என்று பெயரை மாற்றிக்கொண்டு முன்னைவிட உற்சாகமாக எழுதினார். 1944 நவம்பரில், 'ஹரிதாஸ்' வெளியான மாதம்கூடச் சரியாகத் திரும்பாத நிலையில், ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனை வேப்பேரிப் பக்கம் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்தார். டிசம்பரில் மேற்படி மனுதாரர்கள் கைது. 1945 மே மாதம் நாயுடுவுக்கு விடுதலை, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள்.

இதற்குள் அவர் நடிக்க வேண்டிய படங்களுக்கு வேறு வேறு ஆட்களைத் தேடி ஓடினார்கள். 'உதயணன்' படத்துக்கு, கர்நாடக சங்கீத மேடையிலிருந்து ஜி.என். பாலசுப்பிரமணியத்தையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாகவதர் இல்லாத குறைக்கு இசையுலகத்தின் ராஜகுமாரனை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது என்றால், அந்தக் குறை எவ்வளவு பெரிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகவதர் கதையை யார் சொன்னாலும் இங்கே வந்து ஒரு பெருமூச்சு விட்டு, "ஜெயில்தான் அவரை முடித்தது" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே வழக்கு, அதே தண்டனை, அதே கதவு வழியாக என்.எஸ். கிருஷ்ணனும் வெளியே வந்தார். வந்த வேகத்தில் 'நல்லதம்பி' (1949), 'மணமகள்' (1951) என்று சக்கைப்போடு போட்டார். ஜெயிலுக்குத் தோஷம் இருந்தால் இருவருக்கும் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? வித்தியாசம் என்னவென்றால், கிருஷ்ணன் பேசுகிற ஆள். பாகவதர் பாடுகிற ஆள். அந்த இரண்டரை வருஷத்தில் பாம்புக்குட்டி வளர்ந்து படம் எடுத்துவிட்டது.

விடுதலையானதும் பாகவதர் சொந்தப் பணத்தைப் போட்டு 'ராஜமுக்தி' எடுத்தார். புனேயில் படப்பிடிப்பு. பி. பானுமதி உண்டு; எம்.ஜி.ஆரும் வி.என். ஜானகியும் உண்டு. வசனத்துக்கு யார் தெரியுமா? புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதிய கை. கடவுளைத் தூக்கிவந்து பிராட்வே முனையில் காபி குடிக்க வைத்தவரை, கடவுளைப் பார்த்து உருகி உருகிப் பாடுகிறவருக்கு வசனம் எழுத அழைத்துப்போனது எந்தக் கிரகக் கோளாறோ. புனேயில் புதுமைப்பித்தனுக்குக் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் அவர் இறந்தபோது படம் வெளிவரவில்லை. வந்தபோது ஓடவில்லை.

1950-ல் டங்கன் துரை மறுபடி வருகிறார். தமிழ் இன்னும் தெரியாது. 'மந்திரி குமாரி' எடுக்கிறார், வசனம் மு. கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். தமிழ் சினிமாவின் இரண்டு பெரிய வசன வெடிகளுக்கும் திரி கிள்ளி வைத்தது தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத இந்த ஒஹையோக்காரர்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலைசுற்றும். 1952-ல் பாகவதரின் 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்தன. அதே வருஷ தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தது. நீதிமன்றக் கூண்டில் நின்று சிவாஜி பேசிய பேச்சை ஜனங்கள் பாட்டைப் போல மனப்பாடம் செய்தார்கள். நிஜக் கூண்டில் நின்றவர் பேசியது ஒருவருக்கும் நினைவில்லை. அவர் அங்கே பாடவா முடியும்?

அதற்குப் பிறகு விறுவிறு என்று இறக்கம். 1957-ல் தானே இயக்கிய 'புது வாழ்வு'. பெயரில் மட்டும்தான் புதுசு இருந்தது. நீரிழிவு, பார்வைக் கோளாறு. கச்சேரிக்குக் கூப்பிட்டால் போய்ப் பாடினார், கூட்டமும் வந்தது. 1959 நவம்பர் 1-ம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 49. ஆயுசு முழுக்க நடித்தது 14 படங்கள். கடைசிப் படமான 'சிவகாமி' அவர் போன பிறகு 1960-ல்தான் வெளியானது. காக்கை சுட்ட அந்த அடையாற்றுத் தோட்டம் நெப்டியூன் ஸ்டுடியோவாகி, பிறகு எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோவாகியது.

குரல் மட்டும் சாகவில்லை, ஆள் மாறிப் போயிருந்தது. மதுரையில் ஒரு சௌராஷ்டிர இளைஞர், பாகவதர் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடிப் பழகியவர், 1950-ல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் தன் முதல் பாட்டைப் பாகவதர் மெட்டிலேயே பாடினார். பெயர் டி.எம். சௌந்தரராஜன். புதர் மறைவில் ஆர்மோனியக்காரர் ஒளிந்திருந்தது போக, இப்போது பாடுகிறவரே ஒளிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. வெளியே நிற்கிறவர் ஓடலாம், குதிரை ஏறலாம், மரத்தைச் சுற்றலாம், காக்கையும் தாராளமாகக் கத்தலாம்.

எங்கள் வீட்டு வானொலியில் ஒரு நாள் சௌந்தரராஜன் ஒரு பக்திப் பாட்டை மேல்ஸ்தாயியில் பிடித்தார். பாட்டி அரிவாள்மணையை நிறுத்தினாள்.

"ஏங்க, பாகவதரா?"

"அவர் போய் இருபது வருஷமாச்சு. இது சௌந்தரராஜன்."

"படத்துல?"

"சிவாஜி."

"அப்ப இந்த சௌந்தரராஜன் எங்க நிப்பாரு?"

"மைக்குக்கு முன்னாடி. படத்துல வரமாட்டாரு."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தாள். கத்திரிக்காயை மறுபடி எடுத்தாள்.

"பாவம், முடி இல்ல போலிருக்கு."